அடிக்கு இவ்வளவு

ஒயிட்ஃபீல்டில் இரண்டு ராத்திரி ரிக் வண்டியோடு நின்றுவிட்டு
ஞாயிறு விடிகாலை கதவைத் தட்டினார்
என் கொழுந்தனார் செங்கோடன்.
திருச்செங்கோட்டுக்காரர்.
குளித்த பிறகும் காது மடலில் கல்தூள்.
இட்லி வேகும்வரை பொறுக்காமல் கேட்டார்:
"ஊரைச் சுத்திக் காட்டுங்க அண்ணி,
பார்க்க என்னென்ன இருக்குதுங்க?"

அவர் அண்ணனுக்கு அன்றும் ஷிப்ட்.
வாரத்தின் ஒரே ஓய்வை நான்தான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மெஜஸ்டிக்.
ஆறு நாள் நான் பஸ் பாஸ் எழுதும் இடம்.
என் கவுண்டர்க் கண்ணாடியைக் காட்டினேன்,
மரியாதைக்கு எட்டிப் பார்த்தார்.
"இது ஏரியா இருந்ததுங்க. தர்மாம்புதி."
அம்புதி என்றால் கடல் என்று எங்கள் சூப்பர்வைசர் சொன்னதையும் சொன்னேன்.
"ஏரிக்குக் கடல்னு பேர் வெச்சு
அதுமேல பஸ் விட்டுட்டாங்களா" என்று சிரித்தார்.
பக்கத்துத் தெரு இன்னும் டேங்க் பண்ட் ரோடுதான்.
கரை, பெயரில் மட்டும் நிற்கிறது.
போன ஐப்பசி மழையில் தண்ணீர்
என் நாற்காலிக் கால்வரை வந்தது.
பழைய சொந்தக்காரர் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு
வரிசையில் நிற்பதுபோல் இருந்தது.
பாஸ் இல்லாமல் வந்தவரை
மோட்டார் வைத்து வெளியேற்றினோம்.

கண்டீரவா ஸ்டேடியம்.
சம்பங்கி ஏரியின் மேல் பிள்ளைகள் நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.
ஓரத்தில் ஒரு சதுரக் குளத்தை விட்டு வைத்திருக்கிறார்கள்,
கரகத்துக்காக.
"சாமி இன்னும் கொஞ்சம் பெரிசா கேட்டிருக்கலாம்" என்றார்.

கோரமங்களா வழியே போன பஸ்ஸில்
விளையாட்டுப் போட்டிக்குக் கட்டிய குடியிருப்பைக் காட்டி
அதுவும் ஏரி என்றேன்.
பெல்லந்தூரில் நுரை பறந்து வந்து
ஸ்கூட்டர்க்காரன் முகத்தில் அப்பியதை,
ஏரி தீப்பற்றியதை,
தண்ணீரை அணைக்கத் தண்ணீர் வண்டி போனதைச் சொன்னேன்.
அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லால்பாக்கில் ரோஜா பக்கம் திரும்பவில்லை.
நேராகப் பாறைமேல் ஏறினார்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
மாட்டைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் தட்டி,
"ரெண்டு நாளா இவனைத்தாங்க துளைக்கறேன்."

தண்ணி வந்ததா?

"ஆயிரத்து நானூறு அடி போனோம். புகைதான் வந்துச்சு.
வீட்டுக்காரம்மா எலுமிச்சம்பழம் வெச்சு,
ஒவ்வொரு ராடு இறங்கறப்பவும் கையெடுத்துக் கும்பிட்டாங்க.
எங்கப்பன் இந்த ஊருக்கு வந்தப்ப
இருநூறுல பீய்ச்சி அடிச்சுதாம்."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"நமக்கு அடிக்குக் காசுங்க.
வந்தாலும். வரலேன்னாலும்."

சாயங்காலம் அல்சூர்.
இதையாவது ஏரி என்று நம்பிக் காட்டலாம்.
பாசி நாற்றம், கொக்கு,
வேலிக்கு அப்பால் பட்டாளத்தார் விசில்,
சோமேஸ்வரர் கோயில் பக்கமிருந்து மேளம்.
மிதிபடகுக்குச் சீட்டுக் கிழித்த எத்திராஜ்
எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழில் அதட்டினார்:
"ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுங்க."

"எவ்வளவு ஆழம்ங்க?"
தொழில் பழக்கம், செங்கோடன் கேட்டார்.

"நடுவுல ரெண்டு ஆள். இங்க நெஞ்சளவு."

நெஞ்சளவு.
தன் சட்டைப் பொத்தானை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.
படகு போனதும் கையைத் தண்ணீரில் விட்டார்.
பச்சையாக ஏதோ ஒட்டியது. துடைக்கவில்லை.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.
சர்ஜாபுரத்தில் அடுத்த பாயின்ட்,
காலை ஆறு மணிக்குப் பூஜை.
"வந்துடறேங்க" என்றார்.

கரையில் எத்திராஜ் விசில் ஊதினார்.
படகு அதே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு பேருமே
மிதிக்க மறந்திருந்தோம்.